மலையில் சிதறிக் கிடக்கும் குழுவுக்கு கிட்ஹப்: கணக்குத் திறப்பது முதல் ரிலீஸ் வரை முழு வழிகாட்டி

எங்கள் குழுவில் ஒருவர் கோத்தகிரியில், ஒருவர் குன்னூரில், ஒருவர் கூடலூரில், டெஸ்டிங் பார்ப்பவர் கீழே கோவையில். சிறு தேயிலை விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடை போட்டு, ஈரக் கழிவு (இலையில் ஒட்டிய நீருக்கான எடை) கழித்து, மாதக் கணக்குப் போட்டுத் தரும் ஒரு மொபைல் செயலிதான் வேலை. ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது நடக்காத காரியம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் கோத்தகிரிப் பக்கம் மரம் விழும், கரண்ட் போகும், பின்னாலேயே நெட்டும் போகும். கூடலூரில் அதே கூத்து ஜூன், ஜூலையில், தென்மேற்குப் பருவமழையில்.

இந்த மாதிரிக் குழுவுக்கு கிட்ஹப்பை எப்படி அமைப்பது, எதை உபயோகிப்பது, எதை விட்டுவிடலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கிட் வேறு, கிட்ஹப் வேறு. கிட் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கருவி, உங்கள் கணினியிலேயே ஓடும், நெட் வேண்டாம். கிட்ஹப் 2008இல் வந்த தளம், 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கிட் வைத்திருக்கும் கோடை (செயலியின் நிரலை) எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்து, அதைச் சுற்றி இஷ்யூ (பிழை, வேலைக் குறிப்பு), ரிவ்யூ (அடுத்தவர் கோடைச் சரிபார்ப்பது), தானியங்கிச் சோதனை எல்லாம் சேர்த்துக் கொடுப்பது அது. மலையில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் மூன்று நாள் நெட் இல்லாவிட்டாலும் பேட்டரி இருக்கிற வரைக்கும் நீங்கள் பிராஞ்ச் (வேலைக்கென்று தனிக் கிளை) போடலாம், கமிட் (மாற்றத்தின் பதிவு) போடலாம், பழைய வரலாற்றைப் புரட்டலாம். சிக்னல் வந்ததும் கிட்ஹப்புக்கு ஏற்ற ஒரே ஒரு புஷ், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது: குழு எடுக்கும் எந்த முடிவும் கிட்ஹப்பில் எழுத்தாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப் "கரண்ட் வந்துச்சா?" என்று கேட்பதற்கு. "எடையை கிராமில் சேமிக்கலாமா, கிலோவிலா?" என்ற கேள்வி அங்கே போனால், கல்யாணப் பத்திரிகைக்கும் காலை வணக்கத்துக்கும் நடுவில் புதைந்துபோகும், இரண்டு நாள் கழித்து சிக்னல் வந்தவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

படி 1: கணக்கு, பாதுகாப்பு, ஆர்கனைசேஷன்

ஆளுக்கு ஒரு சொந்தக் கணக்கு. குழுவுக்கே பொதுவாக ஒரு கணக்கு வைத்துப் பாஸ்வேர்டைப் பகிர்வது வேண்டவே வேண்டாம், யார் எதை மாற்றினார்கள் என்ற தடயமே இல்லாமல் போய்விடும், அதற்கு கிட்ஹப்பே தேவையில்லை, பென்டிரைவ் போதும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை எல்லோரும் போடுங்கள். எஸ்எம்எஸ் வழியை நம்பாதீர்கள், டவர் இல்லாத இடத்தில் ஓடிபி வராது. போனிலேயே எண் உருவாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்துக்கொண்டால் சிக்னலே இல்லாவிட்டாலும் எண் வரும். கூடவே தரும் ரெகவரி கோடுகளை ஒரு தாளில் அச்செடுத்து பீரோவில் வையுங்கள்.

கோடை அனுப்ப, வாங்க, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் சாவி ஒன்று உருவாக்கி, செட்டிங்ஸில் அதன் பொதுச் சாவியைச் சேர்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 13க்குப் பிறகு டெர்மினலில் கணக்குப் பாஸ்வேர்டு போட்டால் கிட்ஹப் ஏற்பதில்லை, பழைய வீடியோவைப் பார்த்துச் செய்பவர்கள் முட்டிக்கொள்வது இங்கேதான்.

அப்புறம் இலவசமாகவே ஒரு ஆர்கனைசேஷன் (குழுவின் பெயரிலான இடம்) திறந்து, ரெப்போவை (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கை) அதற்குள் வையுங்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைத்தால் அவர் வேலை மாறும்போது எல்லாமே அவரோடு இழுபடும். ஓனர் என்ற பதவி இரண்டு பேருக்கு இருக்கட்டும், இரண்டு பேரும் ஒரே ஊரில் இல்லாதவர்களாகப் பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. மற்றவர்களுக்கு ரீட், ட்ரையாஜ், ரைட், மெயின்டெய்ன், அட்மின் என்று ஐந்து படிநிலைகள் இருக்கின்றன. கோடு எழுதுபவர்களுக்கு ரைட் போதும். கோடு எழுதாமல் இஷ்யூக்களைப் பிரித்து லேபிள் ஒட்டுகிற ஆளுக்கு ட்ரையாஜ். எல்லோருக்கும் அட்மின் கொடுப்பது பாசம் கிடையாது, சோம்பல்.

படி 2: ரெப்போவைத் திறக்கும் முன் ஒரு முடிவு

பப்ளிக்கா, பிரைவேட்டா? இதை யோசிக்காமல் பிரைவேட் என்று அழுத்திவிடுவார்கள். 2020 ஏப்ரலிலிருந்து இலவசத் திட்டத்திலேயே எத்தனை பேரை வேண்டுமானாலும் பிரைவேட் ரெப்போவில் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மெயின் பிராஞ்சுக்கு (எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளைக்கு) பூட்டுப் போடும் வசதி, கோட் ஓனர்ஸ் (எந்தக் கோப்பை யார் பார்ப்பது என்ற பட்டியல்), விக்கி (குறிப்புப் பக்கங்கள்), பேஜஸ் (ரெப்போவிலிருந்தே இணையதளம்) இவையெல்லாம் இலவசத் திட்டத்தில் பப்ளிக் ரெப்போவுக்கு மட்டும்தான் கிடைக்கும். பிரைவேட்டில் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும்.

என் கருத்து இது: ஆப்பின் கோடில் ரகசியம் எதுவும் இல்லையென்றால் பப்ளிக்காகவே வையுங்கள். ரகசியம் இருப்பது டேட்டாவில், அது எந்த ரெப்போவுக்குள்ளும் வரவே கூடாது. விவசாயியின் பெயர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எண் அடங்கிய எக்செல் தாளை "டெஸ்டுக்குத்தானே" என்று உள்ளே போடும் பழக்கம் இருக்கிறதே, பிரைவேட் ரெப்போவாக இருந்தாலும் அது தப்பு. கிட்டில் ஒருமுறை போன கோப்பு, அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் அப்படியே கிடக்கும். சோதனைக்குக் கற்பனைப் பெயர்களும் கற்பனை எடைகளும் போதும்.

முதல் நாளே மூன்று கோப்புகள் இருக்கட்டும். ரீட்மீ: புதிதாக வருபவர் யாரிடமும் போன் போட்டுக் கேட்காமல் ஆப்பைத் தன் கணினியில் ஓட்டும் அளவுக்குத் தெளிவாக. கிட்இக்னோர்: பில்டு ஆன கோப்புகள், சாவிகள் இருக்கும் என்வ் கோப்பு போன்றவை தவறியும் உள்ளே வராமல் தடுக்க. மூன்றாவது லைசென்ஸ். இதைப் போடாவிட்டால், பப்ளிக்காக இருந்தாலும் அடுத்தவர்கள் சட்டப்படி உங்கள் கோடை எடுத்து உபயோகிக்க முடியாது.

100 எம்பிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை கிட்ஹப் திருப்பி அனுப்பிவிடும், 50 எம்பியைத் தாண்டினாலே எச்சரிக்கும். டெமோ வீடியோ, ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) இவற்றை ரெப்போவுக்குள் தள்ளாதீர்கள், அதற்கு ரிலீஸ் பகுதி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

படி 3: மெதுவான நெட்டில் ரெப்போவை இறக்குவது

கிட் குளோன் (ரெப்போவை உங்கள் கணினிக்கு இறக்கும் கட்டளை) பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே பெரிய ரெப்போ என்றால் நேரடியாக முழுசாக இறக்காமல், குளோன் கட்டளையோடு டெப்த் 1 என்ற ஆப்ஷனைச் சேருங்கள். கடைசி நிலை மட்டும் வரும், சட்டென்று முடியும். அப்புறம் நெட் நன்றாக இருக்கும் நேரத்தில் கிட் ஃபெட்ச் கட்டளைக்கு அன்ஷாலோ என்ற ஆப்ஷன் கொடுத்து மீதி வரலாற்றை இழுத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் வராது என்று தோன்றினால் டீபன் என்ற ஆப்ஷனில் 50, 100 கமிட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கலாம்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்தால், மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸில் \340\256 என்று ஏதோ எண்களாகக் காட்டும். கோப்பு கெடவில்லை, பயப்பட வேண்டாம். கிட் கான்ஃபிக்கில் கோர் பிரிவில் இருக்கும் க்வோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் என்று மாற்றினால் தமிழ் தமிழாகவே தெரியும். விண்டோஸும் லினக்ஸும் கலந்த குழுவாக இருந்தால் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரி முடிவைத் தானாகச் சீராக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லையேல் ஒரு எழுத்துகூட மாற்றாத கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டி உயிரை வாங்கும்.

படி 4: இஷ்யூ எழுதுவது

குழு வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. மற்றதையெல்லாம் ஏனோதானோ என்று செய்தாலும் இஷ்யூவை ஒழுங்காக எழுதும் குழு பிழைத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு இஷ்யூ வருகிறது என்று வையுங்கள்: "எடை தப்பா வருது. அவசரம். பாருங்க." இதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எழுதியவருக்குப் போன் போட வேண்டும், அவர் எடை போடும் ஷெட்டில் இருப்பார், அங்கே டவர் இருக்காது. அதையே இப்படி எழுதினால்:

"இஷ்யூ 41: நெட் இல்லாதபோது பதிந்த எடை, நெட் வந்ததும் இரண்டு முறை ஏறுகிறது.
செய்தது: போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு விவசாயிக்கு 38.4 கிலோ பதிந்தேன். நெட்டை ஆன் செய்தேன். ஏறிக்கொண்டிருக்கும்போதே நெட் ஒருமுறை விட்டு வந்தது.
வந்தது: அன்றைய மொத்தம் 76.8 கிலோ.
வர வேண்டியது: 38.4 கிலோ.
ஆப் பதிப்பு, போன் மாடல், ஸ்க்ரீன்ஷாட் கீழே."

இதைப் படித்தவுடனேயே கோடு தெரிந்தவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்: சர்வர் வாங்கிக்கொண்டது, ஆனால் வாங்கிக்கொண்டேன் என்ற பதில் போனுக்கு வந்து சேரவில்லை, அதனால் போன் மறுபடி அனுப்பியிருக்கிறது.

இப்படி எழுதவைக்க இஷ்யூ டெம்ப்ளேட் போடலாம். டாட் கிட்ஹப் என்ற கோப்புறைக்குள் அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. "செய்தது, வந்தது, வர வேண்டியது" என்ற மூன்று தலைப்புகள் மட்டும் போதும். இருபது கேள்வி கேட்டால் யாரும் நிரப்ப மாட்டார்கள், பழையபடி வாட்ஸ்அப்புக்கே போவார்கள். தமிழிலேயே எழுதலாம், கிட்ஹப்புக்கு ஒரு தடையும் இல்லை.

லேபிள் நாலைந்து போதும்: பிழை, புதுவசதி, கேள்வி, அவசரம். அவசரம் என்பதை யார் ஒட்டலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லோரும் ஒட்ட ஆரம்பித்தால் எதுவுமே அவசரம் இல்லை. பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரே ஒருவர் பெயர். மைல்ஸ்டோன் என்பது "மழைக்கு முன்" போல ஒரு கெடுவோடு இஷ்யூக்களைக் கட்டிவைக்க. புராஜெக்ட்ஸ் என்ற பலகையில் அட்டவணை, காலக்கோடு என்று பலவிதமாகப் பார்க்கலாம், நாலு பேர் குழுவுக்கு "செய்யணும், செய்கிறோம், முடிந்தது" என்ற மூன்று கட்டமே தாராளம்.

ஒரு சின்ன வசதி பலருக்குத் தெரியாது. கிட்ஹப் அனுப்பும் மின்னஞ்சலுக்கு நேரடியாகப் பதில் எழுதினால் அது இஷ்யூவில் கருத்தாக ஏறிவிடும். தளமே திறக்காத அளவுக்கு நெட் மெதுவாக இருக்கும்போதும் மின்னஞ்சல் எப்படியாவது போய்விடும்.

படி 5: பிராஞ்ச், கமிட்

மெயின் பிராஞ்ச் எப்போதும் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், அதில் யாரும் நேரடியாக எழுதக் கூடாது. வேலையைத் தொடங்கும்போது கிட் புல் (புதிதாக வந்ததை இறக்குவது) செய்து, கிட் ஸ்விட்ச் கட்டளையில் சி ஆப்ஷன் சேர்த்துப் புது பிராஞ்ச். பெயரில் இஷ்யூ எண்ணைச் சேருங்கள், "41-இரட்டைப்பதிவு" என்பது போல (டெர்மினலில் தட்டச் சிரமம் என்பதால் பிராஞ்ச் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்).

கமிட் சின்னதாக, அடிக்கடி. கமிட் செய்தியில் என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பது இருக்கட்டும். "ஃபிக்ஸ்", "அப்டேட்", "ஃபைனல்", "ஃபைனல் 2" இதெல்லாம் வேண்டாம். என்ன மாறியது என்பதை கிட்டே வரிவரியாகக் காட்டிவிடும், ஏன் என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

சாயங்காலம் வேலை முடிக்கும்போது, பாதியில் இருந்தாலும், பிராஞ்சை புஷ் செய்துவிடுங்கள். இடி இறங்கி லேப்டாப் போனாலும் வேலை போகாது.

படி 6: புல் ரிக்வெஸ்ட்

பிராஞ்சில் செய்ததை மெயினில் சேர்க்கலாமா என்று குழுவிடம் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். விளக்கத்தில் க்ளோசஸ் என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுப் பக்கத்தில் #41 என்று எழுதினால், மெயினில் சேர்ந்த கணமே அந்த இஷ்யூ தானாக மூடிக்கொள்ளும். திரை மாறியிருந்தால் முன், பின் ஸ்க்ரீன்ஷாட். இன்னும் முடியவில்லை, ஆனால் பார்வைக்கு வைக்கலாம் என்றால் டிராஃப்ட் என்று திறக்கலாம்.

சின்னதாக இருக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். 80 வரி மாற்றத்தை ஒருவர் போனில் கிட்ஹப் ஆப்பைத் திறந்து பஸ்ஸில் வரும்போதே வாசித்து முடிப்பார். 1,500 வரி வந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுவார், மூன்றாம் நாள் படிக்காமலேயே அப்ரூவ் அழுத்துவார். மனித சுபாவம்.

ரிவ்யூ செய்பவருக்கு மூன்று வழி: வெறும் கருத்து, அப்ரூவ், மாற்றம் கேட்பது. எழுதியவரே தன்னுடைய புல் ரிக்வெஸ்ட்டை அப்ரூவ் செய்ய கிட்ஹப் விடாது. ரிவ்யூ எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 41ஆம் இஷ்யூவையே பார்க்கலாம். ஒவ்வொரு எடைக்கும் போனிலேயே ஒரு அடையாள எண் கொடுத்துவிட்டால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் ஒதுக்கிவிடும், இதுதான் தீர்வு. எழுதியவர் அந்த எண்ணை நேரத்தை வைத்து உருவாக்கியிருந்தார். அந்த வரியின் பக்கத்திலேயே கூடலூர்க்காரர் போட்ட கருத்து:

"அண்ணா, ஒரே ஷெட்ல ரெண்டு போன் ஒரே நொடியில பதிஞ்சா ஒரே எண் வந்துடாதா? அப்போ ஒருத்தரோட இலை காணாமப் போயிடும்."

"ஆமா தம்பி, வரும். தற்செயலா உருவாகிற தனி எண்ணான யூயூஐடிக்கு மாத்திடறேன். அந்த ரெண்டு போன் கேஸுக்கு ஒரு டெஸ்டும் சேர்க்கறேன்."

இரட்டை எடை ஏறுவதாவது கண்ணில் படும், காணாமல் போகும் எடை யார் கண்ணிலும் படாது, விவசாயியின் பணம்தான் குறையும். அந்த ஒரு கேள்விக்காகவே ரிவ்யூ என்ற ஏற்பாடு வேண்டும். கவனியுங்கள், கேள்வி கோடைப் பற்றி இருக்கிறது, எழுதியவரைப் பற்றி இல்லை. சின்ன எழுத்துப்பிழை, வேரியபிளின் பெயர் போன்றவற்றுக்கு சஜெஷன் வசதியில் திருத்திய வரியையே எழுதிக் கொடுத்துவிடலாம், எழுதியவர் ஒரு பொத்தானை அழுத்தினால் அது கமிட் ஆகிவிடும்.

எத்தனை நேரத்துக்குள் ரிவ்யூ என்பதையும் ரீட்மீயில் எழுதிவையுங்கள். "ஒரு வேலை நாளுக்குள் பார்ப்போம், நெட் இல்லாதவருக்கு வேறு ஒருவர் பார்ப்பார்" என்று இருந்தால் யாரும் யாருக்காகவும் காத்துக்கிடக்க வேண்டாம்.

படி 7: கான்ஃப்ளிக்ட்

இரண்டு பேர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றினால் கிட் நின்றுவிடும். பலர் இதைக் கண்டு மிரண்டு ரெப்போவை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்கிறார்கள். கோப்பைத் திறந்தால் இப்படி இருக்கும் (எண்கள் எடுத்துக்காட்டுக்கு):

<<<<<<< ஹெட்
ஈரக்கழிவு = 5
=======
ஈரக்கழிவு = 8
>>>>>>> கூடலூர்-மழை

மேலே இருப்பது உங்கள் பக்கம், கீழே வந்து சேரும் பக்கம். வேண்டியதை வைத்துக்கொண்டு, குறி வரிகள் மூன்றையும் நீக்கிவிட்டு, கிட் ஆட், கிட் கமிட். வேலை என்னவோ இரண்டு நிமிடம்தான். ஆனால் எதை வைத்துக்கொள்வது?

கோத்தகிரிக்காரர் 5 என்று எழுதியது ஜூலையில், அவர் ஊரில் அப்போது மழை அவ்வளவு இல்லை. கூடலூரில் ஜூலையில் இலை சொட்டச்சொட்ட வரும், அதனால் கூடலூர்க்காரர் 8 என்று மாற்றியிருக்கிறார். இரண்டும் சரி. 5ஐ வைத்தாலும் தப்பு, 8ஐ வைத்தாலும் தப்பு, விவசாயிகள் ஏற்கெனவே கழிவு விஷயத்தில் கடுப்பில் இருப்பவர்கள். சரியான தீர்வு, அந்த எண்ணைக் கோடிலிருந்தே எடுத்துவிட்டு, ஊர்வாரியாக, மாதவாரியாக மாற்றக்கூடிய அமைப்பாக வைத்து, எவ்வளவு கழித்தோம் என்பதை ரசீதில் தனியாகக் காட்டுவது. அதை கான்ஃப்ளிக்ட் தீர்க்கும் இடத்திலேயே அவசரமாகச் செய்யாதீர்கள். இருவரையும் குறிப்பிட்டுப் புது இஷ்யூ ஒன்று திறந்து, பேசி முடிவு எழுதி, அப்புறம் மாற்றுங்கள். கான்ஃப்ளிக்ட் பெரும்பாலும் கிட்டின் கோளாறாக இருக்காது, இரண்டு பேர் பேசாமல் விட்ட விஷயமாகத்தான் இருக்கும்.

கான்ஃப்ளிக்ட்டைக் குறைக்க, தினமும் காலையில் மெயினில் புதிதாக வந்ததை உங்கள் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மழையில் மாட்டியிருந்து திரும்புபவர் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளைப் புது மெயினின் மேல் மறுபடி அடுக்குவது) பழகியவர்கள் ரீபேஸ் செய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு ஃபோர்ஸ் புஷ் (கிட்ஹப்பில் இருப்பதன் மேல் எழுதும் புஷ்) தேவைப்படும், அப்போது வெறும் ஃபோர்ஸ் போடாமல் ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்கள். அதே பிராஞ்சில் வேறொருவர் ஏற்றியது இருந்தால் அதன் மேல் எழுதவிடாமல் இது தடுத்துவிடும்.

படி 8: மெர்ஜ், பூட்டு

பிராஞ்சை மெயினில் சேர்ப்பதுதான் மெர்ஜ், அதை மூன்று விதமாகச் செய்யலாம். எங்கள் தேர்வு ஸ்குவாஷ்: பிராஞ்சில் இருக்கும் எல்லாக் கமிட்டும் ஒன்றாகச் சுருண்டு மெயினில் ஒரே வரியாக ஏறும், பின்னால் ஏதாவது உடைந்தால் அந்த ஒன்றை ரிவர்ட் செய்தால் (திரும்பப் பெற்றால்) போதும். செட்டிங்ஸில் மற்ற இரண்டையும் அணைத்துவிட்டால் குழப்பமே இல்லை. மெர்ஜ் ஆன பிராஞ்சைத் தானாக அழிக்கும் ஆப்ஷனும் அங்கேயே இருக்கிறது.

பூட்டு என்பது செட்டிங்ஸில் ரூல்செட். மெயினுக்கு நேரடி புஷ் கூடாது, குறைந்தது ஒரு அப்ரூவல், சோதனைகள் பச்சையாக வேண்டும், ஃபோர்ஸ் புஷ் கூடாது: இந்த நாலும் போதும். இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பூட்டு கிடையாது என்று முன்பே சொன்னேன், அவர்கள் ரீட்மீயில் எழுதிவைத்து நாணயத்தின் பேரில் நடக்க வேண்டியதுதான்.

படி 9: ஆக்‌ஷன்ஸ்

ஆக்‌ஷன்ஸ் அமைத்துவிட்டால், புல் ரிக்வெஸ்ட் வந்தவுடன் கிட்ஹப்பின் கணினியில் சோதனைகள் தானாக ஓடி, பச்சை டிக்கோ சிவப்புக் குறியோ காட்டும். பப்ளிக் ரெப்போவுக்கு வழக்கமான ரன்னரில் (சோதனையை ஓட்டும் கணினியில்) இது இலவசம், இலவசத் திட்டத்தின் பிரைவேட் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம். லினக்ஸ் ரன்னரையே உபயோகியுங்கள், மேக் ரன்னர் கணக்கை வேகமாகத் தின்றுவிடும்.

எதைச் சோதிப்பது? பணம் எங்கே இருக்கிறதோ அங்கே. எடையைத் தசமக் கிலோவாக வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் கணினி கடைசியில் ஏதாவது துணுக்கை விட்டுவிடும், ஆகவே கிராமாகவும் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்து, ஒரு மாதக் கணக்கைக் கையால் போட்டு அதே விடை ஆப்பிலும் வருகிறதா என்று ஒரு டெஸ்ட். இரண்டு போன் கேஸுக்கு ஒன்று. கழிவு பூஜ்ஜியமாக இருக்கும் நாளுக்கு ஒன்று. இப்படிப் பத்து டெஸ்ட் இருந்தால் பொத்தானின் நிறத்தைச் சோதிக்கும் நூறு டெஸ்ட்டைவிட மேல்.

தினமும் ஒரு நேரத்தில் ஓட வேண்டிய வேலை இருந்தால் கிரான் அமைப்பில் (வேலைக்கு நேரம் குறிக்கும் முறையில்) நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) கணக்காகும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 6 மணிக்கு வேண்டுமென்றால் 30 0 * * * என்று எழுத வேண்டும். சொன்ன நிமிடத்தில் ஓடும் என்று நம்பாதீர்கள், கூட்டம் அதிகமானால் தாமதமாகும்.

சர்வர் சாவி, பாஸ்வேர்டு எல்லாம் செட்டிங்ஸில் இருக்கும் சீக்ரெட்ஸுக்குள். தவறிப்போய் சாவி கோடுக்குள் ஏறிவிட்டால், முதல் வேலை கமிட்டை அழிப்பது இல்லை, அந்தச் சாவியைச் செல்லாததாக்கிப் புதுச் சாவி வாங்குவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அதற்கப்புறம். பப்ளிக் ரெப்போ என்றால் பல வகைச் சாவிகளை புஷ் நேரத்திலேயே கிட்ஹப் கண்டுபிடித்து நிறுத்தும், ஆனால் நீங்களே வைத்த பாஸ்வேர்டை அது அறியாது. டிபெண்டபாட்டையும் ஆன் செய்துவிடுங்கள், நீங்கள் வெளியிலிருந்து எடுத்து உபயோகிக்கும் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் சொல்லும்.

படி 10: ரிலீஸ்

மெயினில் ஒரு கமிட்டுக்கு வி1.4.0 போல டேக் (பதிப்புப் பெயர்) போட்டு, ரிலீஸ் பக்கத்தில் ஏபிகே கோப்பை இணைக்கலாம், ஒரு கோப்பு 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும். எந்தெந்த புல் ரிக்வெஸ்ட் சேர்ந்தது என்ற பட்டியலை கிட்ஹப்பே தயாரித்துக் கொடுக்கும். ஆனால் அதை அப்படியே ஷெட்டில் இருப்பவருக்கு அனுப்பினால் ஒன்றும் புரியாது, மேலே நாலு வரி தமிழில் எழுதுங்கள்: "நெட் விட்டு வந்தால் எடை இரண்டு முறை ஏறும் பிரச்சினை தீர்ந்தது. பழைய பதிவுகளை ஒருமுறை சரிபார்க்கவும்."

எப்போது வெளியிடுவது என்பதும் முக்கியம். தேயிலை வாரியம் பசுந்தேயிலைக்கு மாத விலை அறிவித்து, பட்டுவாடா கணக்கு நடக்கும் வாரத்தில் ரிலீஸ் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் வேண்டாம். பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் வேண்டவே வேண்டாம், உடைந்தால் சரிசெய்ய வேண்டியவருக்கு நெட் இருக்குமா என்பதே சந்தேகம். ஏதாவது உடைந்தால் அங்கேயே உட்கார்ந்து திருத்தப் பார்க்காமல், புல் ரிக்வெஸ்ட் பக்கத்தில் இருக்கும் ரிவர்ட் பொத்தானை அழுத்தி, பழைய நிலையை வெளியிட்டுவிட்டு, நிதானமாகக் காரணம் தேடுங்கள்.

கடைசியாக, ஆள் வரும்போதும் போகும்போதும்

புதிதாகச் சேர்பவருக்கு முதல் வாரம் பெரிய வேலை வேண்டாம், ரீட்மீயைப் பார்த்து ஆப்பை ஓட்டச் சொல்லி, அதில் தடுக்கிய இடத்தையெல்லாம் அவரையே திருத்தி ஒரு புல் ரிக்வெஸ்ட் போடச் சொல்லுங்கள். ரீட்மீயும் சரியாகும், அவருக்கும் பிராஞ்சிலிருந்து மெர்ஜ் வரை ஒரு சுற்று பழகிவிடும்.

ஒருவர் விலகும்போது, நல்ல முறையில் போனாலும், அன்றைக்கே ஆர்கனைசேஷனிலிருந்து நீக்கி, அவருக்குத் தெரிந்த சீக்ரெட்ஸ் எல்லாவற்றையும் மாற்றி, அவர் பெயரில் இருக்கும் திறந்த இஷ்யூக்களை வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள். அவர் எழுதிய கமிட்டும் கருத்தும் அவர் பெயரிலேயே இருக்கும், எங்கும் போகாது. மாதம் ஒருமுறை குளோன் கட்டளையோடு மிரர் ஆப்ஷன் சேர்த்து ஒரு ஹார்டு டிஸ்கில் முழுப் பிரதி எடுத்து வையுங்கள். அதில் கோடும் வரலாறும் மட்டும்தான் வரும். இஷ்யூவும் ரிவ்யூ பேச்சும் வராது, அவற்றைக் கிட்ஹப்பின் ஏபிஐ (நிரல் எழுதித் தகவல் எடுக்கும் வசதி) வழியாகத் தனியாக இறக்க வேண்டும், அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அதே ரெப்போவில் போட்டுவிடுங்கள்.